சுவருக்கு அந்தப் பக்கம்

அரிக்கேன் திரியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கிட்ட வந்து உட்காருங்கள்... இது என் சிநேகிதி அன்னாளின் சித்தப்பாவுக்கு நடந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம். நல்ல உச்சி நேரம். சித்தையன்கோட்டைச் சாலையில் ஈ காக்கை இல்லை. அந்த வெயிலில் சைக்கிளை மிதித்துப் போனார் சித்தப்பா கஸ்பார். ஓய்வு பெற்ற ஓவர்சியர். புது வீடு கட்டியவர்கள் குடிபோகுமுன் அவரை அழைத்துக் காட்டுவார்கள். அன்று அல்போன்சாவின் வீடு.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே. நாளைக்கு எம்மக ஜெயமேரியத் தலப்பிரசவத்துக்குக் கூட்டியாரேன். வாடக வீட்டையும் காலி பண்ணியாச்சு. சொவரு சரிஞ்சா எங்க போவேன்?"

"சரிஞ்சா மொதல்ல எம்மேலதான சரியும். கலங்காத."

அவர் சோதிக்கும் விதமே தனி. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் கொத்துக்கரண்டிக் காம்பால் சுவரைத் தட்ட வேண்டும். இவர் இந்தப் பக்கம் காதை ஒட்டிக் கேட்பார். உள்ளே பொள்ளல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கரண்டியை வாங்கிக்கொண்டு அல்போன்சா போனாள்.

ஈரச் சுண்ணாம்பு வாடை. சுவர் காதில் சில்லென்று ஒட்டியது.

டொக்... டொக்...

"கெட்டியாத்தான் இருக்கு. செத்தக் கீழ தட்டும்மா."

டொக்.

"இன்னும் கீழ."

டொக்... இப்போது தரையோரம்.

வேலை முடிந்தால் எப்போதும் சொல்வதையே அன்றும் சொன்னார்.

"போதும். இந்தப் பக்கம் வந்துரு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு... டொக். அவர் பாதத்துக்கு நேர் கீழே.

வாசலில் கொலுசுச் சத்தம். கரண்டியும் கையுமாக அல்போன்சா நின்றாள்.

"கோவிச்சுக்காதீகண்ணே. தோட்டத்துல ஆடு எறங்கிருச்சு, வெரட்டிட்டு இப்பத்தான் வாரேன். எந்தச் சொவத்துல தட்ட?"

கஸ்பார் நின்ற இடத்தைவிட்டுக் காலை இழுத்துக்கொண்டார்.

"மகள இங்க கொண்டாராத."

"சொவரு மோசமா?"

"சொவரு நல்லாருக்கு."

"பெறகென்ன? புள்ளத்தாச்சிய எங்கண்ணே வைப்பேன்?"

"எங்க வீட்டுக்குக் கூட்டியா. அங்க பெத்துக்கிரட்டும்."

மறுநாள் சாயங்காலம் ஜெயமேரி திண்டுக்கல்லில் கஸ்பார் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கட்டிலில் சாய்ந்து செத்த நேரம்கூட ஆகவில்லை. குரல் கொடுத்தாள்.

"மாமா... செத்த இங்க வாங்களேன்."

"என்ன தாயி, வலிக்குதா?"

"வலியில்ல. புள்ள ஒதைக்கும்னாக. இது ஒதைக்கிற மாதிரி இல்ல மாமா..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. அறை வாசலில் நின்றவருக்கே கேட்டது.

டொக்.