கேட்காமல் போன பத்தாம் பாகம்

தௌசிப் ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக் குடித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் முனைக்கு வந்தபோது மணி எட்டு. பஸ் எட்டுப் பத்துக்கு. வானொலி நிலையத்தில் எட்டு மணிக்குத்தான் போனை எடுப்பார்கள்.

"ஹலோ... ரேடியோ ஸ்டேஷனுங்களா? நாடகம் எழுதுற ராஜலட்சுமி மேடம்கிட்ட... நீங்கதானா! வணக்கங்க. ஓசூர்ல இருந்து தௌசிப்... ஆமா, ஆமா, அந்த எஸ்டேட் பங்களா கொலைதாங்க... இல்ல மேடம், திட்டறதுக்குக் கூப்பிடல... ஆமாங்க, புக்கு படிச்சிருக்கேன், காலேஜ்ல... ஐயோ, நீங்க மாத்துனது தப்புன்னு நான் சொல்லவே இல்லைங்க!"

பழைய நாவலின் முடிவை நாடகத்தில் மாற்றியதற்காக, புத்தகம் படித்தவர்கள் மூன்று வாரமாக அந்த அம்மாவைப் போனில் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அவர் ஆறும்வரை தௌசிப் அந்தப் பக்கம் நாலு அடி, இந்தப் பக்கம் நாலு அடி நடந்தான்.

"புக்குல டாக்டர்தானுங்களே கொலைகாரன். ரேடியோல யாருன்னு மட்டும் சொல்லுங்க, வெச்சிடறேன்... கடைசி பாகம், பத்தாவது, நான் கேக்கலைங்க. நேத்துதான் வேலைக்குத் திரும்பிப் போனேன். எங்க கம்பெனி லைன்ல முத்துமணின்னு ஒருத்தரு, 'டாக்டரை விட்டுட்டாங்கப்பா, வேற ஆளு'ன்னாரு... யாருன்னு அவருக்கும் தெரியாதுங்க. அந்த நேரம் பாத்து வண்டி அத்திப்பள்ளி பார்டர் தாண்டிருச்சாம், ரேடியோல கன்னடப் பாட்டு வந்துருச்சாம்... சிரிக்காதீங்க மேடம். அதுல இருந்து என்னால ஒரு எடத்துல உக்கார முடியல."

அவன் மணி பார்த்தான். எட்டு நாலு.

"மறுபடி எப்பப் போடுவீங்க?... அடுத்த மாசமா? அவ்ளோ நாள் தாங்காதுங்க... எனக்காக இல்ல, என் வீட்டுக்காரிக்கு. நிகத்துன்னு பேரு... அவகிட்ட குடுக்க முடியாது மேடம்... தவறிட்டா... ம்... மூணு வாரமாச்சு... ம்... பரவால்லைங்க."

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டான்.

"ஒரு பாகம் விடமாட்டா. ஞாயித்துக்கெழம ஒம்போது மணிக்கு எங்க வீட்ல குக்கர் வெக்கக்கூடாது. விசில்ல துப்பு போயிடும்பா. ஃபேனையும் நிறுத்திடுவா. யாரு எத்தன படி ஏறுனாங்க, எந்தக் கதவு கிறீச்சுன்னுதுன்னு விரல் விட்டு எண்ணிட்டிருப்பா. நான் வேர்த்து ஒழுவிக்கிட்டு, முடிவு தெரிஞ்ச கெத்துல சிரிச்சிட்டு இருப்பேன்... ஆமா, சொல்ல மாட்டேன். சொன்னா அன்னிக்கி சோறு கெடையாது. ஒம்போது பாகமும் வாயத் தொறக்கல."

"பத்தாம் பாகத்தன்னிக்கிக் காலைல ஏழு மணிக்கு அவளுக்கு ஆபரேஷன். ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு, 'ஒம்போது மணிக்கு நான் மயக்கத்துல இருப்பேனே'ன்னு மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டா. மனசு கேக்கல. டாக்டர்தான் கொலைகாரன்னு சொல்லிட்டேன்... அப்புறம் அவ கண்ணத் தொறக்கல... தப்பா சொல்லி அனுப்பிட்டேனா மேடம்? அத மட்டும் சொல்லுங்க... பஸ்சு வந்துருச்சு... இல்ல இல்ல, ஏறல. நீங்க சொல்லுங்க."

பஸ் நின்றது. ஜன்னலில் இருந்து முத்துமணி கையை ஆட்டிக் கூப்பிட்டார். தௌசிப் போகச் சொல்லிக் கை காட்டினான்.

"யாரு?... சமையக்காரம்மாவா?... சுகர் இருக்கற பெரியவருக்கு டீ கொண்டாந்து, 'சர்க்கரை போடலைங்கய்யா'ன்னு வெக்குமே, அந்தம்மாவா?... விஷம் டாக்டர் குடுத்த மாத்திரைல இல்லீங்களா, டீலயா?... நாலாம் பாகத்துலயே துப்பு வெச்சுட்டீங்களா? நானும் கூடத்தான இருந்தேன், எனக்கு ஒண்ணும்... சத்தமா? என்ன சத்... இருங்க. இருங்க மேடம். சொல்லாதீங்க."

பஸ் திருப்பத்தில் மறைந்தது. முனையில் அவன் மட்டும் நின்றான்.

"லைன்லதான் இருக்கேன்... இல்லைங்க, அழல... அவ கடைசியா அல்லா பேர வெச்சு கலிமா சொன்னாளான்னு அவங்கம்மா, எங்க மாமி, கேட்டாங்க. ஆமான்னுட்டேன். கூட இருந்தது நான் ஒருத்தன்தான், வேற என்னத்தச் சொல்றது... நெசமா சொன்னது வேறங்க. டாக்டர்தான்னு நான் சொன்னதும், தள்ளிட்டுப் போற ஸ்ட்ரெச்சர்ல கழுத்தத் திருப்பிப் பாத்தா. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. 'போங்க, நீங்களும் உங்க புக்கும். சர்க்கரை போடாத டீய எதுக்குங்க ஸ்பூன் விட்டுக் கலக்கணும்?'"