வெத்தலை வைக்காத தட்டு

சம்பந்தகாரரே, கோவிச்சுக்கிட்டு எந்திரிக்காதீக. நிச்சயத் தட்டுல வெத்தலை இல்லைன்னதும் உங்க மூஞ்சி சுருங்கிப்போச்சு. உங்கள அவமரியாதை பண்ணணும்னு செய்யலங்க. இது எங்க ஊரு வெக்கக்கேடு. ஒக்காந்து கேட்டுட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க.

எங்க பூட்டன் காலத்துல, இதே சேந்தனேந்தல்ல, ஒய்யம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்தபெறகு கம்மா மடையத் திறக்குறதும் அடைக்கிறதும் அவதானாம். வீடும் கரைக்கு அடியிலயே. அப்ப நாட்டாமை வீரபெருமாளு. கம்மா நெறஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போக கலுங்கு இருக்கும்ல? அதுக்குக் கீழ, தண்ணி போற ஓடையிலயே அந்த மனுசன் வெத்தலைக் கொடிக்கால் போட்டாராம். தண்ணி வந்தா கொடி அழுகிப்போகும்ல? கலுங்கையே கல்லு வச்சு அடைச்சுப்புட்டாராம்!

ஊரு கேட்டுச்சாங்குறீகளா? கேக்கல. வெள்ளிக்கு வெள்ளி வீட்டுக்கு ஒரு கவுளி வெத்தலை வந்துச்சாம். ஓசி வெத்தலை. எல்லாரும் மென்னுக்கிட்டே இருந்தாகளாம்.

ஐப்பசியில மழை பிடிச்சுச்சு. மூணு நாளா விடல. கம்மா தளும்பத் தளும்ப நிக்குது. ஒய்யம்மா நாட்டாமைகிட்ட ஓடுனாளாம்.

"ஐயா, கலுங்கைத் திறந்துவிடுங்க. கரை தாங்காது."

"எனக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு? போ, மடையப் போய்ப் பாரு."

ஊருக்குள்ள ஓடுனாளாம். "அண்ணே, கல்லு ரொம்பப் பெருசு. ஒண்டியாப் புரட்ட முடியல. பத்துப் பேரு வாங்கண்ணே."

ஒருத்தரு, "நாட்டாமை சொல்லட்டும், வாரோம்"னாராம். இன்னொருத்தரு, "என் வயலு மேட்டுலல்ல இருக்கு, தாயி"ன்னாராம். கடைசி வீட்டுல ஒருத்தரு. வாய் நெறைய வெத்தலை. பேச முடியல. 'பொறு, துப்பிட்டு வாரேன்'னு கையை மட்டும் ஆட்டுனாராம். அவ நின்னாளாம். அவரு மென்னாராம். அவ நின்னாளாம். அவரு மென்னாராம். கடைசிவரைக்கும் துப்பவே இல்லையாம். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுதுங்க.

கடப்பாரையத் தூக்கிக்கிட்டு ஒண்டியாப் போயிருக்கா. ஒரு கல்லப் புரட்டிட்டாளாம். ரெண்டாவது கல்லுக்குக் கடப்பாரையக் குடுக்கையில கரை பொளந்துருச்சு. பட்டப்பகல்ல! அவளும் போனா, அவ வீடும் போச்சு, நின்ன பயிரு அம்புட்டும் போச்சு.

தண்ணி கரை ஒடஞ்ச பக்கமாப் போனதால, கொடிக்கால் மட்டும் தப்பிச்சுச்சாம். கம்மாயில தண்ணி நின்னாத்தான கொடி நிக்கும்? தை பொறக்குமுன்ன அதுவும் காஞ்சுபோச்சு. நாட்டாமை வண்டியக் கட்டிக்கிட்டு மாமியா ஊருக்குப் போயிட்டாரு. கரையக் கட்டுவோம்னு கூப்பிட ஒருத்தருமில்ல, கூப்பிட்டாலும் எவன் வருவான்? நூறு தலக்கட்டு இருந்த ஊருங்க. இன்னிக்கு எண்ணிப் பாத்தா பதினொண்ணுதான்.

அவ புரட்டுன ஒத்தக் கல்லு இன்னமும் அங்கன கிடக்கு. ஒய்யம்மா கல்லுன்னு சொல்லுவோம். நல்லது கெட்டது எதுவா இருந்தாலும் தட்ட அந்தக் கல்லுல ஒருவாட்டி வச்சு எடுத்துட்டுத்தான் சபைக்குக் கொண்டாருவோம். பூ வைப்போம், மஞ்சள் வைப்போம், தேங்கா வைப்போம். வெத்தலை மட்டும் வைக்கமாட்டோம்.

அந்தக் கடைசி வீட்டுக்காரரு யாருன்னு நீங்க கேக்கல. கேக்காட்டியும் பொண்ணக் குடுக்குறவன் நான் சொல்லணும்ல? அது எங்க பூட்டன். உங்க வீட்டுக்கு வரப்போற எம்பொண்ணும் அந்த வம்சந்தான்.

இப்ப வாயத் தொறந்து சொல்லுங்க, சம்பந்தகாரரே. தட்ட மாத்திக்குவமா, வேணாமா?