எல்லாருக்கும் அனுப்புற நெஞ்சு

— கொஞ்சம் நில்லு. என்ன சொன்னே, கதவா? நெஞ்சுக்குள்ள கதவா?

— வால்வுங்க. நான் தைக்கிற சட்டையில பாக்கெட்டுக்கு மூடி வைக்கிறேன்ல, அது மாதிரி. ரத்தம் போறப்போ திறந்து விடும், திரும்பி வரப் பாத்தா மூடிக்கும். அந்த மூடுற சத்தம்தான் லப்டப். நீங்க நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ நர்ஸ் பொண்ணு படம் போட்டுக் காட்டிச்சு.

— அப்போ ஒன்வேன்னு சொல்லு. இத்தனை வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், உள்ளேயே ஒரு ஒன்வே இருக்குன்னு தெரியாமப் போச்சே.

— சரி, ஏறுங்க. இன்னும் ரெண்டு மாடி இருக்கு.

— இரு, அவசரமில்ல. இப்படி ஏறி இறங்கினா அதுக்குத் தேய்மானம் இல்லையா? சும்மா உக்காந்திருந்தா மிச்சமாகும்னுல்ல நெனச்சேன்.

— மிச்சம் பிடிக்கிறதுக்கு அது என்ன டீசலா? தசைங்க அது. வேலை குடுத்தாத்தான் வலு வரும். தினம் நடந்து பழகிட்டா ஒரே அடியில நிறைய ரத்தத்தைத் தள்ளிடும். அப்புறம் சும்மா இருக்கிற நேரத்துல நிதானமா அடிச்சாப் போதும்.

— சிகரெட்டை விட்டாச்சு. தட்டுல உப்பையும் காணோம்.

— காயும் பழமும் தட்டு நிறைய இருக்கே, அது கண்ணுக்குத் தெரியலையா? இப்பல்லாம் படுத்த உடனே தூங்கிடுறீங்க. அதுவும் நெஞ்சுக்கு நல்லதுதான்.

— அந்த ஜன்னல்கிட்ட காத்து வருது, அங்க நிப்போம். எனக்கு இன்னொரு சந்தேகம். உடம்பு பூரா ரத்தம் அனுப்புதே, அது எப்போ சாப்பிடும்?

— இதை நானும் கேட்டேன். அது இறுகுறப்போ அதோட சொந்தக் குழாயெல்லாம் நசுங்கிடுமாம். தளர்ற நேரத்துலதான் தனக்குன்னு முக்கால்வாசி ரத்தம் எடுத்துக்குமாம்.

— ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுலயா?

— ஆமாங்க. அந்தச் சின்ன ஓய்வுலதான்.

— ம். அந்தக் காய்கறிப் பையை இங்க குடு.

— வேணாம், நீங்க வெயிட் தூக்கக் கூடாது.

— அதெல்லாம் தூக்கலாம்னு டாக்டரே எப்பவோ சொல்லிட்டாரு. குடு.

— இந்தாங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். போன மாசம் நிக்காம ஏறினீங்க. இப்போ மாடிக்கு மாடி நின்னு ஏதாவது கேக்குறீங்க. மூச்சு வாங்குதா? டாக்டர்கிட்டக் காட்டிடுவோம்.

— நாளைக்குக் காலையில போறோம். சொல்லி வச்சுட்டேன்.

— பாத்தீங்களா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. என்ன பண்ணுது உங்களுக்கு?

— எனக்கு ஒண்ணும் பண்ணல. மூச்சு வாங்குறது உனக்கு. நில்லுன்னா நிக்க மாட்டே, நெஞ்சைப் பத்திக் கேட்டாத்தான் நிக்கிறே. டாக்டர்கிட்ட உன் பேரைத்தான் குடுத்திருக்கேன்.