வெள்ளிக்கிழமைக்குள் வெந்நீர்

கெர்ரியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர். வாசற்படியைத் தேய்த்துக் கழுவுகிற பெண் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். வாடகை தவறியதில்லை. சத்தமாகப் பாட்டு வைத்ததில்லை. என் வீட்டுக்கும் அவர்கள் இருந்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். இரண்டும் என் கணவர் எனக்கு விட்டுப்போனவை. அவளையும் அவள் அப்பா கிளிஃபையும் குடிவைத்தபோது நல்ல மனிதர்கள் கிடைத்தார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

வாயைத் திறக்க வேண்டாம் என்று இந்த வக்கீல் தம்பி சொல்கிறார். இந்த ஹாலிஃபாக்ஸ் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வின்னி ஹால்ராய்ட் வாயை மூடிக்கொண்டிருந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிளிஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நெஞ்சில் கோளாறு, நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார், ஆனால் பேச்சு மட்டும் நிற்காது. கெர்ரிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஊரார் அப்பா அம்மாக்களைக் குளிப்பாட்டிவிட்டு வந்து தன் அப்பாவைக் குளிப்பாட்டுவாள்.

முதல் உறைபனி விழுந்த வாரத்தில் அவர்கள் பாய்லர் நின்றது. சமையலறை அலமாரிக்குள் இருந்த பழைய கேஸ் பாய்லர். அது நின்றால் குழாயில் வெந்நீர் இல்லை, அறைகளில் சூடும் இல்லை. கெர்ரி வந்து சொன்னாள். "ஆளைக் கூப்பிடறேன் கண்ணு," என்றேன். கூப்பிடவில்லை. கையில் பணம் இல்லாமல் அல்ல, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குளிருக்கு இன்னொரு ஸ்வெட்டர் போதும் என்று நினைக்கிறவள் நான். ஒரு சின்ன மின்சார ஹீட்டரும் ஒரு கம்பளியும் கொடுத்தேன். நான் வளர்ந்த வீட்டில் ஜன்னலின் உட்பக்கமே பனி பூத்திருக்கும். நகத்தால் அதில் பெயர் எழுதி விளையாடுவோம். அதனால் யாரும் செத்துவிடவில்லை. என் தங்கை ஈடித் செத்தாள், ஆனால் அவள் பிறந்ததிலிருந்தே சோனி.

கெர்ரி மறுபடி வந்தாள். கொஞ்சம் பொறு என்றேன். அதற்கடுத்து கிளிஃபே வந்தார், ஓவர்கோட்டும் தொப்பியுமாக.

"வின்னி, எங்க ஃப்ரிட்ஜை நீயே எடுத்துக்கோ. எங்களுக்கு எதுக்கு? பாலை மெத்தை மேல வெச்சாலே கெடாம இருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் அப்படியே வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நானே ஆளைக் கூப்பிட்டிருப்பேன். கெடுத்தவள் கெர்ரி. ஒரு சனிக்கிழமை காலை என் வாசலில் நின்று, தெருவே கேட்க, அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நான் கெஞ்ச வரல மிஸஸ் ஹால்ராய்ட். சூடும் வெந்நீரும் குடுக்க வேண்டியது வீட்டுக்காரங்க பொறுப்பு. நீங்க மனசு வெச்சுத் தர்ற தானம் இல்ல, எங்க உரிமை."

"அப்படியா? வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறதும் உன் உரிமைதான். போயேன்."

"புகார் சொன்னதுக்காக எங்களை வெளிய தள்ள முடியாது. அதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்திருக்கேன்."

எதிர்வீட்டு பெரில் குப்பைத் தொட்டியைத் தள்ளுகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் சொந்த வீட்டில் எனக்கு என்ன முடியும், என்ன முடியாது என்று என் குடித்தனக்காரி எனக்குப் பாடம் நடத்துகிறாள். நீங்கள் சொந்தமாக வீடு வைத்திருக்கிறீர்களா, இன்ஸ்பெக்டர்? இல்லையென்றால் இது உங்களுக்குப் புரியாது.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாடிப் பின்னறையில் கிளிஃப் கோட்டோடு படுத்திருக்க, ஒரு சின்னக் கருவியை நீட்டிக் குளிரை அளந்தாள். பிறகு என்னிடம் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் நாங்களே செய்து உங்களிடம் வசூலிப்போம் என்று தேன் தடவிய குரலில் சொன்னாள். மறுநாள் கறிக்கடையில் பெரில் என் காதில் ஓதினாள்: "கிழவியை வழிக்குக் கொண்டுவந்தாச்சுன்னு கெர்ரி சொல்லிச் சிரிச்சாளாம் வின்னி." அவள் சொன்னாளோ, பெரில் இட்டுக்கட்டினாளோ தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை பாய்லர் பழுதுபார்க்கும் கேஸ்காரனை வரவழைத்தேன். கெர்ரி வேலைக்குப் போயிருந்தாள், கிளிஃப் மாடியில் தூங்கினார். அவன் ஏதோ ஒரு சின்ன பாகத்தை மாற்றினான். பாய்லர் குப்பென்று எரிந்தது. அதோடு போயிருக்கலாம். போகாமல் ஒரு கருவியை வைத்துப் பார்த்தான், உடனே கேஸை நிறுத்தினான், ஜன்னலைத் திறந்தான்.

"அம்மா, புகைபோக்கிக்குள்ள காக்கா கூடு கட்டி அடைச்சு வெச்சிருக்கு. புகை மொத்தமும் வீட்டுக்குள்ளதான் வருது. அதுல இருக்கிற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குறவங்க அப்படியே போயிடுவாங்க. யாரும் இதைத் தொடவே கூடாது, சரிங்களா?"

கேஸ் திருகில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டினான். மேலே இருக்கிறவரிடமும் சொல்ல வேண்டும் என்றான். நானே சொல்லிவிடுகிறேன் என்று அவன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் போனதும் அட்டையை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"ஒரு பாகம் வர வேண்டியிருக்கு கிளிஃப். நாளைக்கு எரியும்."

"நீ தெய்வம் வின்னி!" என்று இருமலுக்கிடையில் கத்தினார்.

வெள்ளிக்கிழமை கெர்ரி அவரை நெஞ்சு டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தாள். என்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். குடித்தனக்காரருக்கு ஒருநாள் முன்பே சொல்லாமல் வீட்டுக்காரர் உள்ளே நுழையக் கூடாது. அது சட்டம். அந்தத் தப்பை நான் மறைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலெல்லாம் இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். திருகைத் திறந்தேன். பாய்லரைப் பற்றவைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் சூடு வேண்டும் என்று நகராட்சி கேட்டது, கெர்ரி கேட்டாள், சட்டமும் கேட்டது. கொடுத்தேன். கொடுக்காமல் இருந்ததற்காகத் திட்டியவர்கள் கொடுத்ததற்காகவும் திட்டினால் ஒரு மனுஷி என்னதான் செய்வது?

சாயங்காலம் சுவருக்கு அந்தப்பக்கம் குளியல் தொட்டி நிரம்புகிற சத்தம் கேட்டது. கிளிஃப் பாடினார். ஆறு மணிபோல கெர்ரி என் கதவைத் தட்டினாள். தலையெல்லாம் ஈரம், கன்னமெல்லாம் சிவப்பு. கையில் தட்டு, அதில் சூடு ஆறாத இஞ்சிக் கேக்.

"கோவத்துல ஏதேதோ பேசிட்டேன் மிஸஸ் ஹால்ராய்ட். மனசுல வெச்சுக்காதீங்க. அப்பா இன்னிக்குத்தான் கோட்டைக் கழட்டினார்." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இவ்வளவு நாள் குளிர்ல இருந்துட்டு திடீர்னு சூடானதாலயோ என்னமோ, தலை கொஞ்சம் வலிக்குது."

"சீக்கிரம் படு கண்ணு, சரியாயிடும்," என்றேன்.

அப்போது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். தட்டை வாங்கிக்கொண்டேன். கேக் நன்றாகவே வந்திருந்தது, இஞ்சி கொஞ்சம் கூடுதல். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் அவர்கள் ஜன்னல் திரை விலகவில்லை. மத்தியானம்வரை பார்த்துவிட்டு பெரில்தான் உங்களுக்குப் போன் செய்தாள். உங்கள் ஆட்கள் கதவை உடைத்தார்கள். நல்ல கதவு அது. சாவி என்னிடம் இருந்தது, யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் வெளியே கொண்டுவந்தபோது வாசலில் நின்று தலை குனிந்தேன். அழவில்லை. நான் வருத்தப்பட்டதாக எங்கேயும் எழுத வேண்டாம். ஒரு வார்த்தை மரியாதையாகக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

கடைசியாக அந்த வெள்ளைப் பெட்டி. ஆமாம், அந்தப் புகை சேர்ந்தால் அலறுகிற பெட்டிதான்; கெர்ரி தானே வாங்கி சமையலறையில் மாட்டியிருந்தாள். நான்தான் கழற்றினேன், பாய்லரைப் பற்றவைப்பதற்கு முன்பே. என் வீட்டு இழுப்பறையில் மேசைவிரிப்புகளுக்கு அடியில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் கழற்றினேன் என்று இவ்வளவு நேரமாகக் கேட்கிறீர்களே, அதில் என்ன புதிர் இருக்கிறது? அது அலறினால் அவர்கள் எழுந்துவிடுவார்கள். பாவம், அத்தனை நாள் குளிரில் நடுங்கிவிட்டு அன்றைக்குத்தான் இரண்டு பேரும் கதகதப்பாகத் தூங்கப் போகிறார்கள். அந்தத் தூக்கத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.