கொலின்ஸ் அண்ணன் அறிவித்த கடைசிச் செய்தி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் எங்கள் நேயர் வட்டத் தலைவர் பஸ்ரியன் மாஸ்டர் அவர்களே! மண்டபத்தைத் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களே! கொலின்ஸ் அண்ணனின் மனைவி, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அஞ்சலா அக்கா அவர்களே! பேசாலையிலும் தலைமன்னாரிலும் மன்னார் பட்டினத்திலும் இருந்து வந்திருக்கும் உறவுகளே! கைத்தொலைபேசி வழியாக டோகாவிலும் டொரொன்டோவிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் பஸ்மினா. உப்புக்குளம். பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மறைந்த கொலின்ஸ் அண்ணனின் "அடுத்த பாகம்" நிகழ்ச்சிக்கு ஏழு வருடமாகச் செய்தி சேர்த்துக் கொடுத்தவள்.

யார் இந்தக் கொலின்ஸ்? விண்வெளிக் கதைகளும் மாயக் கதைகளும் உலகத்தில் எங்கெங்கு வருகின்றன, எது நிற்கிறது, எது தள்ளிப்போகிறது என்று வெள்ளிக்கிழமை தோறும் தமிழில் சொன்ன மனிதர்! பேசாலையில் ஒரு கட்டிலில் படுத்தபடி, தலையணையில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்து, நாலாயிரம் பேருக்குச் செய்தி சொன்ன மனிதர்!

எனக்கு முன் பேசியவர்கள் அவரை முன்மாதிரி என்றார்கள், சோதனையை வென்றவர் என்றார்கள். மன்னிக்க வேண்டும், அவர் இதைக் கேட்டிருந்தால் நல்லாய் ஏசியிருப்பார். அவர் எதையும் வெல்லவில்லை. சங்கு குளிக்கப் போனவர், ஒரே நாளில் நாலாவது காற்றுச் சிலிண்டரையும் முடித்துவிட்டுப் படக்கென்று மேலே வந்தார். தோளிலும் முழங்காலிலும் குத்து எடுத்தது. எங்கள் கரையில் அதற்கு என்ன செய்வார்கள்? திரும்பவும் கடலுக்குள் இறக்குவார்கள். கீழே போனால் வலி விட்டுவிடும் என்பது தொழிலாளர்களின் நம்பிக்கை. அவரையும் இறக்கினார்கள். வலி விட்டதுதான். இரண்டாம் முறை மேலே எடுத்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதன்பிறகு பதினொரு வருடம் அந்த அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

"நான் இஞ்ச அடைபட்டுக் கிடக்கிறன், பிள்ளை. அதை ஒளிச்சுப்போட்டு நிகழ்ச்சி செய்யேலாது" என்று ஒருமுறை சொன்னார். அழகான ஆறுதல் வார்த்தைகள் அவருக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது. அதனால்தான் ஒத்துப்போனோம்.

நாங்கள் பழகியதே சண்டையில்தான். ஒரு தொடரின் முடிவை நிகழ்ச்சியில் உடைத்துச் சொல்லிவிட்டார் என்று அவருக்குக் காரமாக ஒரு செய்தி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "நீங்கள் சொன்னது சரி. ஆனா எழுத்தில ஏசினால் எனக்கு விளங்காது. வீட்டை வாங்கோ, வந்து நேர ஏசுங்கோ" என்றார். போனேன். ஏசினேன். அஞ்சலா அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏசுங்கோ, நான் சொன்னாக் கேக்கிறேல்ல" என்றார். அடுத்த கிழமை அவரிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது, நான் ஆங்கிலத்தில் வாசித்துச் சொல்ல வேண்டிய செய்திகள் என்று.

அவர் சொன்ன செய்திகளை விட அவர் சொன்ன கருத்துகளுக்காகத்தான் நீங்கள் காத்திருந்தீர்கள், இல்லையா? பெரிய செலவில் எடுத்த ஒரு மாயக் கதைத் தொடரை ஊரே புகழ்ந்தபோது கொலின்ஸ் அண்ணன் என்ன கேட்டார்? "கோட்டை நல்லாத்தான் இருக்கு. கடலும் இருக்கு. ஆனா இந்த ராசாவின்ர சனம் என்ன தின்னுது? எட்டுப் பகுதி பாத்தனான், ஒரு மீன்வாடி கூடக் காணேல்லையே!" கணினியைக் கொண்டு எழுதுவித்த கதைகள் வந்து குவிவதால் சஞ்சிகைகள் திணறுகின்றன என்ற செய்தியை நான் கொண்டுபோனபோது என்ன சொன்னார்? "வலையில சாதாளை ஏறினா மீன் செத்துப் போகேல்ல. பிரிச்செடுக்க ஆள் வேணும், அவ்வளவுதான்." சாதாளை என்றால் கடற்பாசி என்று டொரொன்டோ நேயர்களுக்கு நான் பிறகு விளக்கம் எழுத வேண்டி வந்தது.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. எந்தச் செய்தியையும் இரண்டு பேர் தனித்தனியாக உறுதிப்படுத்தாமல் சொல்லமாட்டார். நான் ஒன்றைக் கொண்டுபோனால், அதே செய்தியை உப்புக்குளத்துத் தம்பி றுஸ்தியிடமும் கேட்பார். றுஸ்தி அந்தத் தொடர்களைப் பற்றி எல்லாம் தேடி வாசிக்கிறவர். அவரும் ஓம் என்றால்தான் ஒலிப்பதிவு. ஒருமுறை எனக்கு ரோசம் வந்து, "என்னை நம்பேல்லையா அண்ணே?" என்று கேட்டேன். "உன்னை நம்புறன். செய்தியைத்தான் நம்பேல்ல" என்றார்.

அன்புக்குரியவர்களே! இனி நான் சொல்லப்போவதைச் சொல்லாமல் இறங்கிவிடலாம் என்று இந்த மேடைக்கு ஏறும்வரை நினைத்தேன்.

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். கொலின்ஸ் அண்ணனின் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? "'பனிக்கூரை' மூன்றாம் பாகம் வருகிறது: அவர் தந்த கடைசி நற்செய்தி." சற்று முன் பஸ்ரியன் மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். நல்ல செய்தியோடு போய்ச் சேர்ந்தார் என்று சொன்னார். நீங்கள் கைதட்டினீர்கள். நான் அந்தக் கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

"பனிக்கூரை" பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தூரத்து நிலவு ஒன்றில் ஒரு கடல். அந்தக் கடலுக்கு மேலே மைல் கணக்கில் பனி. அடியில் ஒரு நிலையத்தில் ஐந்து பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் விளக்குகள் அணைகின்றன, யாரோ வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறார்கள். அதோடு நின்றது. தட்டுவது யார் என்று உலகமே இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கொலின்ஸ் அண்ணன் ஒருவர்தான் வேறு கேள்வி கேட்டார். "ஆர் தட்டினால் என்ன? படக்கெண்டு கதவைத் திறந்து மேல கொண்டுபோனால் அஞ்சு பேரும் என்னை மாதிரிக் கிடப்பினம். மெல்ல மெல்லத்தான் ஏத்த வேணும். எழுதினவங்களுக்கு அது தெரியுமோ?" அந்த ஐந்து பேரும் ஒழுங்காக மேலே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பகிடியாகச் சொல்வார். பகிடி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கு முந்திய செவ்வாய்க்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. மூன்றாம் பாகம் இல்லை. தயாரிப்பு நிறுவனம் கைவிட்டுவிட்டது. அதே நேரம் அஞ்சலா அக்காவிடமிருந்து அழைப்பு: காய்ச்சல் இறங்கவில்லை, படுக்கைப் புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு இனி வரமாட்டேன் என்கிறார், நீங்கள் வந்து சொல்லுங்கோ. தலைமன்னார் பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பஸ்ஸில் இருந்து யோசித்த அளவுக்கு என் வாழ்க்கையில் நான் எதையும் யோசித்ததில்லை. ஆனாலும் போய்ச் சேரும்போது ஒரு முடிவும் இருக்கவில்லை.

நான் கதிரையில் இருப்பதற்கு முதலே கேட்டார். "என்ன மாதிரி? முடிவு வந்திட்டாமே?"

நான் சொன்னேன்: "ஓம் அண்ணே. மூண்டாம் பாகம் வருது."

கேளுங்கள், சபையோரே! நான் சொன்னேன்! அதோடு விட்டேனா? "எப்ப?" என்றார். அடுத்த வருடம் ஆனி மாதம் என்றேன். "எத்தினை பகுதி?" என்றார். எட்டு என்றேன். பொய் சொல்லத் தொடங்கியவளுக்கு விபரம் தானாக வந்தது. அவர் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு, "ஃபோனை எடு, இப்பவே பதிவு செய்வம்" என்றார்.

பதினொரு நிமிடம் பேசினார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். அந்தப் பதிவை நான் வெளியிடாமல் மறைத்திருக்கலாம்தானே? முடியவில்லை. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி போகும்போது தனக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அஞ்சலா அக்காவிடம் சொல்லி வைத்துவிட்டார். வெளியிட்டால் ஊருக்குப் பொய். வெளியிடாவிட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். நான் வெளியிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் கைத்தொலைபேசியைத் திறக்கப் பயமாக இருக்கிறது. சந்தோசப்பட்டு எழுதியவர்கள் நூற்றுக்கணக்கில். உண்மை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இறந்தவரைத் திருத்துவது மரியாதை இல்லை என்று அவர்களில் பலர் பேசாமல் இருக்கிறார்கள். சிலர் பேசுகிறார்கள். "காய்ச்சலில் உளறிவிட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். "இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் இப்படித்தானோ" என்று இன்னொருவர். றுஸ்தி எனக்குத் தனியாக அனுப்பினார்: "பஸ்மினா அக்கா, இது பிழைதானே? என்னட்ட அவர் கேக்கவே இல்லையே. அவர்ட பேர் கெடப் போகுது." நான் அதற்குப் பதில் எழுதவில்லை. ஐந்து நாளாக எழுதவில்லை. றுஸ்தி, நீங்கள் பின்வரிசையில் நிற்கிறீர்கள், உங்களை எனக்குத் தெரிகிறது.

நேற்று வெள்ளிக்கிழமை. நிகழ்ச்சி வரவில்லை. இன்று உங்கள் கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலில் கடைசி வரி என்ன? "'அடுத்த பாகம்' பணியைத் தொடர உறுதியுரை: செல்வி பஸ்மினா." என்னைக் கேட்காமலே அச்சடித்துவிட்டார்கள், அன்பினால்தான். நான் உறுதியுரை எடுத்தால், அவருடைய ஆசனத்தில் இருந்துகொண்டு அவர் பெயரை அழிய விடுகிறவள் ஆவேன். எடுக்காவிட்டால், ஏன் என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். அந்தச் சுவரை நானே கட்டினேன்.

எனக்கு அவர் மீது இரக்கம் இருந்தது உண்மை. ஆனால் அது மட்டும்தானா? அவர் முகம் விழுவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் பாதிப் பொய். பதினொரு வருடம் அந்த அறையைக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு இந்தச் செய்தியைத் தாங்க முடியாது என்று முடிவெடுக்க நான் யார்?

எனவே, நேயர்களே, பஸ்ரியன் மாஸ்டர் கேட்ட உறுதியுரைக்கு முன்னால் ஒரு திருத்தம் வாசிக்கிறேன். எழுதிக்கொண்டுதான் வந்தேன்.

"பனிக்கூரை" மூன்றாம் பாகம் வராது. ஆனி மாதம் என்பதும் எட்டுப் பகுதி என்பதும் என் கற்பனை. அந்த ஐந்து பேரும் கதவுக்கு உள்ளேயே இருக்கிறார்கள், அவர்களை மேலே கொண்டுவர இப்போதைக்கு யாரும் இல்லை. இந்தப் பிழையைச் செய்தது கொலின்ஸ் அண்ணன் அல்ல. அவர் உளறவில்லை. அவருக்கு அப்போது நல்ல நினைவு இருந்தது. பொய்யைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

மாஸ்டர், இந்தப் பதாகையில் அந்த வரியை மறைத்துவிடச் சொல்லுங்கள். அவர் படம் இருக்கட்டும்.

அஞ்சலா அக்கா! உங்களுக்கும் இது இப்போதுதான் தெரியும். முதலில் உங்களிடம் தனியாக வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தரம் உங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். நீங்கள் என்னோடு இனிப் பேசாவிட்டாலும் அது நியாயம்தான்.

இனி உறுதியுரை. வரும் வெள்ளிக்கிழமை "அடுத்த பாகம்" வரும். அதை றுஸ்தி வாசிக்க வேண்டும் என்று இந்தச் சபை முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன். நான் வாசிக்கமாட்டேன். செய்தி சேர்த்துத் தருவேன், அதுவும் நீங்கள் அனுமதித்தால். நான் தரும் ஒவ்வொரு செய்தியையும் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். முதல் நிகழ்ச்சியில் இந்தத் திருத்தம் என் குரலில், என் பெயரோடு போகும். கொலின்ஸ் அண்ணனின் பதினொரு நிமிடப் பதிவை அழிக்கமாட்டோம், அதற்கு முன்னால் இது ஒட்டப்படும். இதைச் செய்து முடிப்பேன் என்று இறைவன் மீது ஆணையாகச் சொல்கிறேன்.

றுஸ்தி, உங்களுடைய கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் உங்களிடம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏழு வருடத்தில் அவர் இரண்டாவது ஆளிடம் கேட்காமல் விட்ட ஒரே செய்தி அதுதான். பதிவைத் தொடங்கப் போனோம். அவர் உங்களுக்கு அழைத்தால் உண்மை வெளியில் வரும், நானும் தப்புவேன் என்று நினைத்து, நானே வாய் திறந்து கேட்டேன். "அண்ணே, றுஸ்தியிட்டயும் ஒருக்கா கேப்பமா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் பிள்ளை," என்றார். "நீ சொன்னால் போதும்."