இழுக்காத படலம்

ஜூடித்: சிரிக்காத டென்சில். நிஜமாவே கிராஃப்ல வளையம் வந்துச்சா?

டென்சில்: அம்மா தாயே... நேத்தே அனுப்பினேனே! ஃபிரேம் போட்டு மாட்டலாம், அவ்ளோ அழகு.

ஜூடித்: கைடு சார் எங்க?

டென்சில்: மேல, ரூம்ல. உன் பேப்பர் பத்தி ரிவ்யூவர் கேட்டதுக்குப் பதில் டைப் பண்றாரு. மத்தியானம் ஜர்னலுக்குப் போயிடும், உன் தீசிஸ் கரையேறிடும். டென்ஷன் மாட்கோபேடா, டென்ஷனே ஆகாத... காபி ஆறுது பாரு.

ஜூடித்: எங்கம்மா வேற அல்சூர் சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க, பொண்ணு டாக்டர் ஆயிட்டான்னு...

டென்சில்: அதுக்கா இந்த மூஞ்சி?

ஜூடித்: ரிவ்யூவர் என்ன கேட்டார்?

டென்சில்: உள்ளே கரன்ட் கசிஞ்சாலும் இப்படி ஒரு வளையம் தெரியுமே, அதுவான்னு கேட்டார். அதான் திரும்ப அளக்கச் சொன்ன.

ஜூடித்: நம்ம படலம், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட், அதை அதும்பாட்டுக்கு விட்டா?

டென்சில்: வைவாவா மேடம்? வோல்டேஜை எடுத்ததும் எல்லாத்தையும் மறந்துடும். அணுக்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கற வேற படிகத்து மேல மெல்லிசா வளர்த்தா, கீழ இருக்கறது இதை இழுத்துப் பிடிச்சுக்கும். அந்த இழுப்புல ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும், மறக்காது. அப்பதான் வளையம்.

ஜூடித்: இழுப்பு இல்லன்னா?

டென்சில்: ரூம் சூட்டுல வரவே வராது.

ஜூடித்: நேத்து உன்கிட்ட கொடுத்த படலம்... இழுக்காதது.

டென்சில்: என்ன?

ஜூடித்: ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மேலயே வளர்த்தது. முன்னாடியே சொன்னா நீ ஒண்ணை மனசுல வெச்சுட்டு அளப்ப. அதான் சொல்லல.

டென்சில்: ஜூடித்...

ஜூடித்: அதுலயும் வளையம் வருதுன்னா எல்லாமே கசிவுதான்டா! நாலு வருஷமா நான் கசிவைத்தான் அளந்திருக்கேன். நகரு, சாரை நிறுத்தச் சொல்லணும்.

டென்சில்: இரு, இரு. போகாத.

ஜூடித்: கையை விடு!

டென்சில்: உன் ரிசல்ட் தப்புன்னு நேத்து கிராஃபை வெச்சு சொல்லாத.

ஜூடித்: ஏன் சொல்லக்கூடாது? அளந்தது நீ!

டென்சில்: அளக்கல... டப்பாவைத் திறந்தேன், இடுக்கி வழுக்கிடுச்சு, தரையில விழுந்து ரெண்டு துண்டு. உன்கிட்ட மிச்சமிருந்த ஒரே நல்ல படலத்தை உடைச்சுட்டேன்னு பயந்துட்டேன்... போன மாசம் நல்ல படலத்துல எடுத்த கிராஃப்ல தேதியை மட்டும் மாத்தி அனுப்பினேன்.