ஏரிக்கரையில் மாற்றுத்துணி

அன்று ஏரிக்கரையில் எங்கள் ஆட்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி மரகதம், மகள் வான்மதி, அவளோடு எடிசன் நகரில் வேலை பார்த்த சபரிநாதன், எங்களைக் காரில் கூட்டிவந்த ஜம்புநாதன். நியூ ஜெர்சியின் பிப்ரவரிக்குக் கம்பளித் தொப்பி மட்டும் போதாது; காதில் பஞ்சும் வேண்டும்.

மூன்று கட்டப் பந்தயம்: முதலில் ஓட்டம், பிறகு ஏரியில் துடுப்புப் படகு, கடைசியில் மலைச்சாலையில் சைக்கிள். பனி பெய்தாலும் பந்தயத்தை நிறுத்த மாட்டார்கள். வான்மதியும் சபரிநாதனும் கலந்துகொண்டார்கள். அவர்களுடைய மாற்றுத்துணிப் பைகளைக் காப்பது என் பொறுப்பு.

"அப்பா, ரேஸ் முடிஞ்சதும் ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது" என்றாள் வான்மதி. சபரிநாதனைத்தான் கட்டிக்கொள்வேன் என்பாள். எனக்குத் தெரியும்.

பையன் நல்லவன். முந்தைய வாரம் சாப்பிட வந்தபோது குலதெய்வம் எது என்று கேட்டேன். காங்கயம் பக்கத்தில் உள்ள எங்கள் கோயிலையே சொன்னான். எங்கள் வழக்கில் ஒரே குலதெய்வம் என்றால் ஒரே கூட்டம். ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை. இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். வான்மதியிடம் சொல்லிப் பயனில்லை. "இது அமெரிக்காப்பா" என்பாள். ஊரில் நாங்கள் தலை நிமிர்ந்து நடந்தவர்கள்.

வான்மதி முதலில் கரையேறி, உடை மாற்றி, சைக்கிளில் போய்விட்டாள். சபரிநாதனின் படகு கரைக்குச் சற்று முன்னால் கவிழ்ந்தது. உதடு நீலமாக வந்தான்.

"அங்கிள், என் பேக் குடுங்க. சேஞ்ச் பண்ணிட்டுப் போறேன்."

"வீட்டுலயே விட்டாச்சு போல, தம்பி" என்றேன். நான் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். சால்வை மூடியிருந்தது.

"பரவால்லீங்க அங்கிள். பவானி ஆத்துல குதிச்சு வளந்தவன். மிதிச்சா சூடாயிரும்" என்று பல் தந்தியடிக்கச் சிரித்தான்.

உதவிக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி போர்வையோடு வந்து, இவரால் முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று நான் சொன்னேன். பெரியவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத பையன்; ஈரத்துணியோடு சைக்கிளில் ஏறினான். நல்ல வளர்ப்பு. மரகதம் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஜம்புநாதன் படம் எடுக்கப் போயிருந்தார்.

அவனை மலைச்சாலை மேட்டில் கண்டெடுத்தார்கள். சைக்கிளை ஒழுங்காக மரத்தில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது.

உடலை வாங்க அவன் அப்பா வந்தார். பேச்சுவாக்கில் கோயிலைப் பற்றிச் சொன்னேன். "அது அவுங்க அம்மா ஊட்டுக் கோயிலுங்க. மாமன் ஊட்டுலயே வளந்தானா, அதையேதான் நம்ம கோயில்னு சொல்லிட்டுத் திரிவான். எங்க கூட்டம் வேறைங்க" என்றார். அப்படியானால் முறை சரிதான். கல்யாணம் தாராளமாக நடந்திருக்கலாம். குலதெய்வம் கேட்டால் அப்பா வழியைச் சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. அது அவன் தவறு.

இப்போது ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில், சேனாபதிக்கு மறதி நோய், பாவம், பையை வீட்டிலேயே விட்டுவிட்டார் என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்களாம். வான்மதிக்கு வருகிற வரனை இந்தப் பேச்சு கெடுக்கும். ஆகவே சொல்கிறேன்: அது பொய். எங்கள் பரம்பரையில் எவருக்கும் மறதி கிடையாது. பை எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.